இது நெல்லா, புல்லா?

லேப்டாப்ல படிக்கிறீங்கன்னா ஒரு சின்ன வேலை பண்ணுங்க. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல "டீட்டெயில்ஸ்" பக்கத்துக்குப் போங்க. நீங்க திறந்து வச்சது ஒரு பிரவுசர்தான், ஆனா அங்க நூத்துக்கும் மேல பேர் ஓடிக்கிட்டு இருக்கும். அதுல எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

எனக்கும் முதல் வருஷம் ஒண்ணும் தெரியாது. லேப்ல ஒருத்தன் "டேய், சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்னு ஒண்ணு 97 சதவீதம் சிபியு தின்னுது, வைரஸ்டா"ன்னு கத்தினான். பாதி லேப் எழுந்து வந்து பார்த்தோம். அது வைரஸ் இல்ல, ப்ராசஸ்ஸே இல்லன்னு கூட சொல்லலாம். ப்ராசஸர் சும்மா உக்காந்திருக்கிற நேரத்தைக் கணக்கு வைக்கிற வரி அது. 97 சதவீதம்னா 97 சதவீதம் வேலை இல்லைன்னு அர்த்தம். (நம்ம வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மாதிரி.)

இன்னொரு பயம், எஸ்.வி.சி.ஹோஸ்ட். அது ஏன் அறுபது எழுபது தடவை வருது? விண்டோஸோட பின்னணிச் சேவைகளைத் தாங்கி ஓட்டுற பாத்திரம் அது. முன்னாடி ஒரே பாத்திரத்துல பல சேவையைப் போட்டு வச்சிருந்தாங்க. 2017-ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்து, ராம் 3.5 ஜிபிக்கு மேல இருந்தா பெரும்பாலும் ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பாத்திரம். ஒண்ணு விழுந்தா மத்தது விழக்கூடாதுன்னுதான். ஆக எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட ஒண்ணுமில்ல. அந்தக் கூட்டத்துக்குள்ள அதே பேர் வச்சிக்கிட்டு வேற எவனாவது நிக்கிறானான்னுதான் பார்க்கணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. நடவு முடிஞ்ச வயல்ல குதிரைவாலிப் புல் முளைக்கும். சின்னதுல அப்படியே நெல்லு மாதிரியே இருக்கும், அதே பச்சை, அதே உயரம். நான் குனிஞ்சு பார்த்தா எல்லாம் நெல்லுதான். எங்க அப்பாயி நடந்துகிட்டே பிடுங்கிப் போட்டுடும். எப்படின்னு கேட்டா, இலையும் தண்டும் சேருற இடத்தைப் பிரிச்சுக் காட்டும். நெல்லுக்கு அங்க வெள்ளையா ஒரு சின்னச் சவ்வு இருக்கும், புல்லுக்கு இருக்காது. தலைமுறை தலைமுறையா மனுஷங்க களை பறிச்சதாலதான் அந்தப் புல் நெல்லு மாதிரி மாறிச்சுன்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. தனியாத் தெரிஞ்சதெல்லாம் பிடுங்கப்பட்டுடுச்சு. நெல்லு வேஷம் போட்டது மட்டும் தப்பிச்சு விதை விட்டுச்சு. இதுக்கு வவிலோவ்னு ஒரு ரஷ்யத் தாவரவியலாளர் பேர்ல தனிச் சொல்லே இருக்கு. வைரஸ் எழுதுறவன் வவிலோவைப் படிச்சிருக்க மாட்டான். ஆனா டாஸ்க் மேனேஜரைப் பார்க்கிற கண்ணு இருக்கிறவரைக்கும் அவனும் எஸ்.வி.சி.ஹோஸ்ட்னுதான் பேர் வைப்பான்.

சரி, கதைக்கு வரேன். எங்க பெரியப்பா பொண்ணு, எனக்கு அக்கா, சாலியமங்கலம் பக்கம் ஒரு சின்னக் கடை வச்சிருக்காங்க. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. போன வருஷம் நவம்பர்ல போன் பண்ணாங்க. "தம்பி, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குடா. யாரும் தொடாதப்போ ஃபேன் ரைஸ்மில்லு மாதிரி சத்தம் போடுது. டீ குடிச்சிட்டு வந்து மவுசை ஆட்டினா அடங்கிடுது."

நவம்பர்னா எங்க பக்கம் என்ன நேரம்னு உங்களுக்குத் தெரியும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் 15. சிட்டா, வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம்னு மஞ்சப்பையில போட்டுக்கிட்டு காலையில ஆறு மணிக்கே ஆளுங்க வந்து நிப்பாங்க. காப்பீட்டுத் தொகையில விவசாயி கட்டுறது 1.5 சதவீதம்தான். ஆனா தேதி தாண்டிட்டா, டிசம்பர்ல தண்ணி ஏறி வயல் அழுகினாலும் கையில ஒண்ணும் வராது. நான் போனப்போ கடைசித் தேதிக்கு நாலு நாள் இருந்துச்சு. அந்த ஒரே சிஸ்டத்துல அத்தனை பேரோட ஆதார் நகலும் பேங்க் கணக்கு எண்ணும் ஸ்கேன் பண்ணி டி டிரைவ்ல கிடக்குது.

போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஃபேன் அமைதி. சிபியு 4 சதவீதம். மூடினேன். ரெண்டு நிமிஷத்துல திரும்பச் சத்தம். டாஸ்க் மேனேஜர் திறந்ததைக் கவனிச்சு ஒளிஞ்சுக்கிற ப்ராசஸ் எதுவும் நல்லவன் கிடையாது. ஒழுங்கான ப்ரோக்ராமுக்கு உங்களைப் பார்த்து ஒளிய வேண்டிய அவசியமே இல்ல. அப்பவே எனக்குப் பாதி முடிவாயிடுச்சு.

அடுத்து ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர். மார்க் ருசினோவிச்னு ஒருத்தர் எழுதினது. அவரோட சிஸ்இன்டர்னல்ஸை 2006-ல மைக்ரோசாஃப்ட் வாங்கிடுச்சு. இன்னிக்கும் இலவசம், இன்ஸ்டால் பண்ணவே வேணாம், பென் டிரைவ்ல வச்சு ஓட்டலாம். டாஸ்க் மேனேஜர் வரிசையா அடுக்கிக் காட்டுறதை இது குடும்ப மரமாக் காட்டும், யார் யாரைப் பெத்தாங்கன்னு. நிஜ எஸ்.வி.சி.ஹோஸ்ட்டுக்கு அப்பா சர்வீசஸ்.இஎக்ஸ்இ. அதோட கட்டளை வரியில மைனஸ் கே-ன்னு ஒரு குறி இருக்கும். அது வாழுற வீடு சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32. அக்கா சிஸ்டத்துல நாப்பது அம்பது பேர் ஒழுங்கா அப்பாவோட இருந்தாங்க. ஒருத்தன் மட்டும் அப்பா பேர் தெரியாம தனியா நின்னான். வீட்டு விலாசம் பார்த்தேன். யூசர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டா, அதுக்குள்ள ரோமிங், அதுக்குள்ள வாயில நுழையாத ஒரு பேர்.

இங்க ஒரு எச்சரிக்கை. ஆப்டேட்டாவில இருந்து ஓடுறதெல்லாம் கெட்டது இல்ல. அட்மின் பாஸ்வேர்டு கேக்காம இன்ஸ்டால் ஆகிற பல நல்ல சாஃப்ட்வேரும் அங்கதான் குடியிருக்கும். ஆனா சிஸ்டம்32-ல இருக்க வேண்டியவன் பேர்ல ஒருத்தன் அங்க இருந்தா அது வேஷம்தான். எழுத்தையும் உத்துப் பாருங்க. வி-யையும் சி-யையும் இடம் மாத்திப் போட்டிருப்பான். ஓ எழுத்துக்குப் பதிலா சைபர் போட்டிருப்பான். எல்சாஸ்னு ஒரு முக்கியமான ப்ராசஸ் இருக்கு, லாகின் சமாச்சாரம் பார்க்கிறது. அதோட சின்ன எல்லுக்குப் பதிலா பெரிய ஐ போட்டா பாதி ஃபான்ட்ல வித்தியாசமே தெரியாது.

அப்புறம் கையெழுத்து. விதை நெல் மூட்டையில தொங்குற அட்டை தெரியும்ல? சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, வல்லுநர் விதைக்கு மஞ்சள். டிஜிட்டல் சிக்னேச்சரும் அந்த மாதிரிதான். ஃபைலை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல பார்த்தா யார் சான்று கொடுத்ததுன்னு தெரியும். இதுல நம்ம பசங்க தடுக்கி விழுற ஒரு இடம் இருக்கு. நோட்பேட் மாதிரி விண்டோஸோட சொந்த ஃபைல் சிலதுல இந்தச் சிக்னேச்சர் பக்கமே இருக்காது. உடனே டெலிட் பண்ணிடாதீங்க! அதுக்கெல்லாம் கையெழுத்து தனியா ஒரு கேட்டலாக் ஃபைல்ல இருக்கும். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்ல "வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்" போட்டா அதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும். அக்கா கடை ஆசாமிக்கு ரெண்டு இடத்துலயும் கையெழுத்து இல்ல. கம்பெனி பேர்னு போட்டிருந்த இடத்துல மைக்ரோசாஃப்ட்னு மட்டும் தைரியமா எழுதி வச்சிருந்தான். அதை யார் வேணா எழுதிக்கலாம், லாரிக்குப் பின்னாடி எழுதுற மாதிரி.

கடைசியா வைரஸ்டோட்டல். 2004-ல ஸ்பெயின்ல தொடங்கினது, 2012-ல கூகுள் வாங்கினது. எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ் கிட்ட ஒரே நேரத்துல கேட்டுச் சொல்லும். ஆனா ஃபைலை அப்படியே தூக்கி ஏத்தாதீங்க. ஏத்தினது பணம் கட்டிச் சந்தா வச்சிருக்கிற மத்தவங்க கைக்கும் போகும். பவர்ஷெல்ல கெட்-ஃபைல்ஹாஷ் போட்டா 64 எழுத்துல அந்த ஃபைலோட கைரேகை வரும், அதை மட்டும் ஒட்டித் தேடுங்க. எழுபதுல ஒண்ணு ரெண்டு மட்டும் சிவப்பு காட்டினா பெரும்பாலும் வீண் பயம். நீங்களே எழுதி கம்பைல் பண்ணின சி ப்ரோக்ராமைக்கூட சில சமயம் வைரஸ்னு சொல்லும், அனுபவிச்சிருப்பீங்க. எனக்கு அன்னிக்கு வந்தது நாப்பதுக்கு மேல. காயின் மைனர்னு வகை. அக்கா கட்டுற கரன்ட் பில்லுல எவனோ ஒருத்தன் கிரிப்டோ தோண்டிக்கிட்டு இருந்திருக்கான்.

எப்படி வந்துச்சு? ரொம்ப நேரம் தேடவே இல்ல. டிஃபெண்டர்ல "எக்ஸ்க்ளூஷன்ஸ்"னு ஒரு பட்டியல் உண்டு, இதையெல்லாம் சோதிக்காதேன்னு சொல்ற இடம். உங்க சிஸ்டத்துலயும் இன்னிக்கே பாருங்க, காலியா இருக்கணும், இல்லைன்னா நீங்களே போட்டதா இருக்கணும். அங்க சி டிரைவ் மொத்தமா இருந்துச்சு. ஆறு மாசம் முன்னாடி சர்வீஸ் பண்ண வந்த ஒருத்தர் போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேரை கிராக் பண்ணிப் போட்டுக் கொடுத்திருக்கார். கிராக் ஃபைல்களோட வர குறிப்புல முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு"ன்னுதான் இருக்கும். வாசக் கதவைத் திறந்து வச்சிட்டு வந்தவனைத் திருடன்னு சொல்றது எப்படின்னு டிஃபெண்டருக்கே குழப்பமா இருந்திருக்கும்.

"எண்ட் டாஸ்க் கொடுத்து ஃபைலை அழிச்சிடுடா, காலையில ஆளுங்க வருவாங்க"ன்னாங்க அக்கா. ஆட்டோரன்ஸ்னு இன்னொரு சிஸ்இன்டர்னல்ஸ் கருவி இருக்கு, கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது கூடவே எழுந்திருக்கிற எல்லாரையும் காட்டும். அதைப் போட்டுக் காட்டினேன். பிரவுசர் அப்டேட் மாதிரி பேர் வச்ச ஒரு ஷெட்யூல்டு டாஸ்க், ஃபைல் அழிஞ்சா திரும்ப இறக்கிக்கொடுக்கிற வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கோரைப்புல் மாதிரி. மேல அறுத்தா கீழே கிழங்கு.

இங்கதான் எங்களுக்குள்ள சண்டை வந்துச்சு. மைனர்னா பரவாயில்ல, கரன்ட்தானே போகுது, 15-ம் தேதி கழிச்சுப் பார்த்துக்கலாம்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. திறந்திருந்த கதவு வழியா மைனர் மட்டும்தான் வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அந்த சிஸ்டத்துல ஒவ்வொரு நாளும் அடிச்சது மத்தவங்க ஆதார் நம்பர்.

அக்காகிட்ட அப்போ நான் சொன்னது கூடங்குளம் கதை. உங்களுக்கும் சொல்றேன். நம்ம தமிழ்நாட்டுல நடந்ததுலயே பெரிசு இதுதான்னு நினைக்கிறேன், நம்ம சிலபஸ்ல ஒரு வரி கிடையாது. 2019 செப்டம்பர்ல காஸ்பர்ஸ்கி நிறுவனம் டிட்ராக்னு ஒரு உளவு மென்பொருளைப் பத்தி அறிக்கை விட்டுச்சு. இந்தியாவுல நிதி நிறுவனங்கள்லயும் ஆராய்ச்சி மையங்கள்லயும் இருக்கு, வட கொரியாவோட சேர்த்துப் பேசப்படுற லாசரஸ் குழுவோட வேலை மாதிரி இருக்குன்னு. அக்டோபர் 28-ம் தேதி வைரஸ்டோட்டல்ல கிடந்த ஒரு டிட்ராக் மாதிரியை ட்விட்டர்ல சிலர் பிரிச்சுப் பார்த்தாங்க. உள்ளே கூடங்குளம் அணுமின் நிலையத்தோட ஆங்கிலச் சுருக்கப் பெயர் எழுதியிருந்துச்சு.

மறுநாள் 29-ம் தேதி நிலையத்து அதிகாரி அறிக்கை கொடுத்தார். கட்டுப்பாட்டு சிஸ்டங்கள் தனியா இயங்குது, இணையத்தோட இணைப்பு இல்ல, சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லன்னு. அதுக்கு அடுத்த நாள் 30-ம் தேதி, இந்திய அணுமின் கழகமே ஒத்துக்கிட்டது. மால்வேர் இருந்தது உண்மை. செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் அமைப்பு சொல்லிடுச்சு. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோட இணைஞ்ச நெட்வொர்க்ல இருந்த ஒருத்தரோட கம்ப்யூட்டர். உள் நெட்வொர்க் தனி, உலை சம்பந்தப்பட்ட சிஸ்டங்களுக்குப் பாதிப்பு இல்லன்னு சொன்னாங்க. உலையைத் தொடலைங்கறதை நான் நம்புறேன். ஆனா "வாய்ப்பே இல்ல"ன்னு ஒரு நாள், "இருந்தது"ன்னு மறுநாள். அந்த ஒரு நாள் இடைவெளிதான் எனக்கு இன்னும் உறுத்துது.

டிட்ராக் என்ன செய்யும் தெரியுமா? கீபோர்டுல அடிக்கிறதைப் பதியும், பிரவுசர் ஹிஸ்டரியை எடுக்கும், டிஸ்க்ல இருக்கிற ஃபைல்களைப் பட்டியல் போடும், என்னென்ன ப்ராசஸ் ஓடுதுன்னும் பார்த்துக்கும். நாம டாஸ்க் மேனேஜரைப் பார்க்கிற மாதிரி அதுவும் பார்க்குது! இன்னும் மோசம் என்னன்னா, காஸ்பர்ஸ்கி விவரிச்சபடி, அது சிஸ்டம்32-ல இருக்கிற நிஜமான ஒரு ப்ரோக்ராமைத் தூக்க நிலையில தொடங்கி, மெமரியில அதோட உள்ளடக்கத்தை மாத்தி எழுதிட்டு ஓட விடும். விலாசம் சரி, டிஸ்க்ல இருக்கிற ஃபைலோட கையெழுத்தும் சரி, உள்ளே ஆள் வேற. நான் மேல சொன்ன எல்லாச் சோதனையும் பாஸ் ஆகிடும்.

கையெழுத்தையும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2010-ல வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் ரியல்டெக், ஜேமைக்ரான்னு ரெண்டு தைவான் கம்பெனிகளோட திருடப்பட்ட சான்றுகள்ல கையெழுத்துப் போட்டு வந்தது. 2017-ல சிகிளீனர் 5.33 பதிப்பு, கம்பெனியோட சொந்த சர்வர்லயே, சொந்தக் கையெழுத்தோடயே நஞ்சு கலந்து வந்துச்சு. சுமார் 22.7 லட்சம் பேர் இறக்கிட்டாங்க. நீல அட்டை கட்டின மூட்டைக்குள்ளயே களை விதை.

அப்போ எதைத்தான் நம்புறது? எனக்குப் பிடிச்ச ஆள் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் எழுதுறவர், பாதுகாப்பு நிபுணர் இல்ல. 2024 மார்ச்ல தன்னோட லினக்ஸ் மெஷின்ல ஏதோ வேகம் அளந்துக்கிட்டு இருந்தார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி கூடுதலா இழுக்குது, அந்தப் ப்ராசஸ் தேவைக்கு மேல சிபியு தின்னுது. விடாம நோண்டினார். எக்ஸ்இசட்னு எல்லா லினக்ஸ்லயும் இருக்கிற ஒரு சுருக்கும் கருவியோட 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல பின்வாசல் வச்சிருந்தாங்க. உலகத்துப் பாதி சர்வருக்குப் போயிருக்க வேண்டியது மார்ச் 29-ம் தேதி ஒரு ஈமெயில்ல நின்னுச்சு. எந்த ஆன்டிவைரஸும் சொல்லலை. தன் மெஷின் வழக்கமா எப்படி ஓடும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான்.

ஃபேன் ரைஸ்மில்லு மாதிரி சத்தம் போடுதுன்னு போன் பண்ணின எங்க அக்காவும் அதேதான் பண்ணாங்கன்னு சொன்னேன். கொஞ்சம் சமாதானம் ஆனாங்க.

அன்னிக்கு ராத்திரி செய்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன், உங்களுக்கு உதவும். முதல்ல நெட் கேபிளைப் பிடுங்கினோம். பாஸ்வேர்டு எல்லாம் அந்த மெஷின்ல மாத்தக்கூடாது, என் போன்ல இருந்து மாத்தினோம். விண்டோஸை எழுப்பாம உபுண்டு பென் டிரைவ்ல பூட் பண்ணி பிடிஎஃப், ஜேபெக் மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு எடுத்தோம், ஒரு இஎக்ஸ்இ கூட எடுக்கல. டிஸ்கைச் சுத்தமா அழிச்சு விண்டோஸ் புதுசாப் போட்டோம். போட்டோ எடிட் பண்ண கிம்ப், அது இலவசம். அக்கா ரெண்டு நாள் திட்டினாங்க, இப்போ பழகிட்டாங்க. வீட்டு சிஸ்டத்துல பாட் சந்தேகம் இருந்தா செர்ட்-இன் நடத்துற சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்துல இலவசக் கருவிகள் இருக்கு. பணம் போயிருந்தா 1930-க்கு உடனே அடிக்கணும்.

புது விண்டோஸ் தயாராக மறுநாள் மதியம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் எங்க அண்ணன் பன்னிரண்டாவதுல வாங்கின அரசு லேப்டாப்தான் கடையை ஓட்டுச்சு. பேட்டரி செத்துப்போய் ஒயர்லயே உயிர் வாழுற மெஷின். ஒருத்தருக்கு இருபது நிமிஷம் ஆச்சு. வரிசை ரோடு வரைக்கும் நின்னுச்சு.

வந்தவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லணும்னேன். அக்கா யோசிச்சாங்க. கடைப் பேர் கெட்டுப் போகும், பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. கடைசியில அவங்களே சொன்னாங்க, ஒவ்வொருத்தரா, "மாமா, நம்ம கம்ப்யூட்டர்ல பிரச்சனை இருந்துச்சு, பேங்க் மெசேஜ் ஏதாவது புதுசா வந்தா என்கிட்ட காட்டுங்க"ன்னு. ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கிற வசதி இருக்குல்ல, கேட்டவங்களுக்கு அதையும் செஞ்சு கொடுத்தேன். ஒரு பெரியவர் நல்லாத் திட்டிட்டுப் போயிட்டார். நியாயம்தான். ரெண்டு மூணு பேர் வேற கடைக்குப் போனாங்க. மத்தவங்க, "சரி பாப்பா, முதல்ல என்னோடதைப் போடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னாங்க. 15-ம் தேதி ராத்திரிக்குள்ள வரிசையில நின்ன எல்லாருக்கும் ரசீது கொடுத்தாச்சு.

புது விண்டோஸ் போட்ட அன்னிக்கே ப்ராசஸ் பட்டியலைப் பிரின்ட் எடுத்து கல்லாப்பெட்டிக்கு மேல ஒட்டினோம், மூணு பக்கம். இப்போ புதுப் பேர் எதைப் பார்த்தாலும் அக்கா அதோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு எனக்கு வாட்ஸ்அப் அனுப்புவாங்க. போன வாரம் ஒண்ணு வந்துச்சு. "எங்கிருந்து ஓடுது?"ன்னு கேட்டேன். "ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல இருக்கு, கையெழுத்து பிரின்டர் கம்பெனியோடது, சரியா இருக்கு. நேத்துதான் புது பிரின்டர் வாங்கினேன்"னு பதில். அப்புறம் எனக்கு ஏன் அனுப்பினீங்கன்னு கேட்டேன். "பிரின்டர் வாங்கினதைச் சொல்லத்தான்டா"ன்னாங்க.